ஆல்பிரட் நோபலும் போர்ச் சரக்கும்

நோபல் பரிசை அறியாத மாணவர் நம்மில் இல்லை. அப்பரிசுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், டைனமைட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆல்பிரட் நோபலின் வரலாற்றைப் படித்தபோது என்னை மிகவும் சிந்திக்க வைத்தது டைனமைட் அன்று. அவருடைய தந்தையின் தொழிற்சாலைதான்.

ஆல்பிரட் 1833-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அவ்வாண்டே தந்தை இம்மானுவேல் தொழிலில் நொடித்துப் போனார். பிழைப்புத் தேடிப் புறப்பட்ட அவர், ருஷ்யாவின் அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1853-இல் கிரிமியப் போர் மூண்டது. மரப் பீப்பாய்களில் வெடிமருந்தை அடைத்து, பின்லாந்து வளைகுடாவில் நீர்மட்டத்துக்குக் கீழே நங்கூரமிட்டு நிறுத்தும் கண்ணிகளை இம்மானுவேல் செய்து கொடுத்தார். அவற்றுக்கு அஞ்சிய பிரிட்டிஷ் கப்பல்கள் தலைநகரை நெருங்கவில்லை. போர்க்கப்பல்களுக்கு நீராவி எந்திரங்களும் அவரிடமே வாங்கப்பட்டன. ஜார் அரசின் ஆர்டர்களை நம்பித் தொழிற்சாலையைப் பெருக்கினார்.

1856-இல் சமாதானம் வந்தது. புதிய ஜாரின் அரசு ஆர்டர்களை நிறுத்திவிட்டது. பருத்தியோ அரிசியோ என்றால் வேறு சந்தைக்குக் கொண்டு போகலாம். கடற்கண்ணியை யாரிடம் விற்பது? தொழிற்சாலை கடன்காரர்கள் வசமாயிற்று. 1859-இல் இம்மானுவேல் வெறுங்கையுடன் ஸ்வீடன் திரும்பினார். அப்போது ஆல்பிரடுக்கு வயது இருபத்தைந்து.

அதன்பின் நடந்தவற்றை நம் வேதியியல் வகுப்பில் கேட்டிருக்கிறோம். 1864-இல் நைட்ரோகிளிசரின் வெடித்துத் தம்பி எமில் மாண்டார். 1867-இல் அத்திரவத்தைக் கீசல்கர் மண்ணில் ஊறவைத்து டைனமைட்டுக்கு ஆல்பிரட் காப்புரிமை பெற்றார். சுரங்கமும் குகைப்பாதையும் வெட்டுவோர் பல நாடுகளிலும் அதை வாங்கினர். ஓர் அரசை மட்டும் நம்பிய வாணிபமன்று அது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. 1887-இல் பாலிஸ்டைட் என்னும் புகையிலா வெடிமருந்தைக் கண்டார். இத்தாலி அதை வாங்கியதும் பிரான்ஸ் சினந்தது. 1891-இல் பாரிசை விட்டு சான் ரெமோவுக்குக் குடிபெயர்ந்தார். 1894-இல் போபர்ஸ் ஆலையை வாங்கினார். நம் நாடு 1986-இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்து, பின்பு பாராளுமன்றத்தையே கலக்கிய அதே போபர்ஸ்தான்! தந்தையின் வீழ்ச்சியைக் கண்ணாரக் கண்டவர் பீரங்கித் தொழிலில் ஏன் பணம் போட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் 1895-இல் எழுதிய உயிலில், சொத்துக்களை விற்றுப் பத்திரமான முதலீடுகளில் போட்டு, அதன் வருவாயைப் பரிசாக வழங்கச் சொன்னார். மறு ஆண்டு இறந்தார். சொத்து 3 கோடியே 10 லட்சம் குரோனருக்கு மேல். வெடிமருந்துக் கம்பெனிப் பங்குகள் விற்கப்பட்டு, பெரும்பகுதி கடன் பத்திரங்களாயிற்று. அந்தப் பத்திரங்களின் மதிப்பை இரு உலகப் போர்க்கால விலைவாசி கரைத்தது. மீண்டும் பங்குகளில் முதலிட 1953-இல்தான் ஸ்வீடன் அரசு அனுமதி தந்தது.