ஊசியும் நூலும் எடுத்த டாக்டர்



எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். எனக்குப் பீஸ் கட்டுவது சித்தப்பா. அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் தோலுக்கடியில் ஒரு செயற்கைக் குழாய் வைத்துத் தைத்திருக்கிறார்கள். போன வருஷம் அதில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. கட்டியை எடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடியும் அடைப்பு! டாக்டர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்தான் அலெக்சிஸ் கேரல்.

கேரல் 1873-இல் பிரான்சில் லியோன் நகரத்தை ஒட்டிய ஊரில் பிறந்தார். லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போனது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 1894-இல் பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோ அந்த நகரத்தில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றுக்குள் பெரிய சிரை அறுந்துபோனது. அதைத் தைத்துச் சேர்க்கும் வித்தை அன்று யாரிடமும் இல்லை. ஜனாதிபதியாக இருந்தும் உயிர் போய்விட்டது. அப்போது கேரல் 20 வயது மருத்துவ மாணவர். இந்தச் சாவு அவர் மனசில் தைத்துவிட்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? லியோனில் பூத்தையல் வேலை செய்த லெருதியே என்ற அம்மையாரிடம் போய்த் தையல் கற்றுக்கொண்டார். படித்தவர் தையல்காரம்மாவிடம் பாடம் கேட்பதில் வெட்கம் பார்க்கவில்லை. மெல்லிய ஊசி, பட்டு நூல், அதன் மேல் வாசலின். அறுந்த குழாயின் வாயில் சமதூரத்தில் மூன்று தையல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். மூன்று பக்கத்தையும் நேர்கோடாகத் தைத்துவிடலாம். இந்த முறையை 1902-இல் வெளியிட்டார். உள்சுவர் கசங்காமல் இருந்தால்தான் இரத்தம் உறையாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

சொந்த ஊரில் வேலை அமையவில்லை. 1904-இல் கடல் கடந்து போனார். சிகாகோவிலும், 1906 முதல் நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்திலும் ஆராய்ச்சி செய்தார். 1912-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரு இடத்தில் அவரும் தோற்றார். நாய்களின் பெருந்தமனிக்குள் கண்ணாடி, அலுமினியக் குழாய்களை வைத்துப் பார்த்தார். இரத்தம் உறைந்து அடைத்தது, நிலைக்கவில்லை.

அதே சிக்கல்தான் சித்தப்பா கையிலும். நம் இரத்தக்குழாயின் உள்பக்கம் உயிருள்ள செல்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. அதுதான் இரத்தத்தை உறையவிடாமல் பார்த்துக்கொள்கிறது. செயற்கைக் குழாயில் அது இல்லை. புரதம் ஒட்டும், அதன் மேல் தட்டணுக்கள் ஒட்டும், கட்டி வளரும். இன்னொன்று: குழாயும் சிரையும் சேரும் தையல் இடத்தில் சதை தடித்து வழி குறுகிவிடும். கட்டியை மட்டும் எடுத்துக் குறுகலை விட்டுவிட்டால் ஓட்டம் மந்தமாகி மறுபடி உறையும். இரண்டாம் முறை அந்தக் குறுகலைப் பலூன் வைத்து விரித்தார்கள். இன்றுவரை ஓடுகிறது. என் கோபமும் போனது.

கேரலிடம் குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1935-இல் எழுதிய நூலில், மனிதரைத் தரம் பிரித்து வேண்டாதவரை ஒழிக்கலாம் என்ற கொடிய கருத்தை ஆதரித்தார். நோயாளியை வேண்டாதவர் என்றால் என் சித்தப்பா எங்கே போவார்? போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு அடங்கிய பிரெஞ்சு அரசின் ஆதரவில் நிறுவனம் நடத்திய பழியோடு 1944-இல் பாரிசில் இறந்தார். கைத்திறனைக் கற்றுக்கொள்வோம், அந்த எண்ணத்தைத் தள்ளுவோம்.

1952-இல் வூர்ஹீஸ் என்ற அமெரிக்க டாக்டரும் கூட்டாளிகளும் வின்யான் துணியில் தைத்த குழாயை நாய்களுக்கு வைத்து வெற்றி கண்டார்கள். பிறகு டேக்ரான் வந்தது. டேக்ரான் வேறொன்றுமில்லை, நாம் லேபில் கையாளும் பாலியஸ்டர்தான்! கேரல் தோற்ற இடத்தில் துணி ஜெயித்தது. ஆனாலும் இரத்தம் உறையவே உறையாத குழாயை இதுவரை யாரும் செய்யவில்லை.

டெக்ஸ்டைல் டிப்ளமோவா என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் உண்டு. இனிமேல் நான் தலைகுனிய மாட்டேன். நம்மில் ஒருவர் அந்தக் குழாயை நெய்யட்டுமே!

— டெக்ஸ்டைல் டெக்னாலஜி, மூன்றாம் ஆண்டு மாணவன்