கையேடு எழுதிய கடற்படை அம்மையார்

கிரேஸ் ஹாப்பரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் தெரியுமா?

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கணிதப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 51 அடி நீள மார்க்-1 கணினியில் வேலை. ஒரு கட்டளை எண் மாறினாலும் போர்க்காலக் கணக்கே தப்பாகிவிடும்! ஆனால் அதை இயக்க முழுமையான கையேடு கிடையாது. அதில் பெரும்பகுதியை எழுதியவர் இவர்தான். 1946-ல் 500 பக்கங்களுக்கு மேல் அச்சாகி வந்தது.

சரிபார்த்த கட்டளைகளை நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதும்போதும் பிழை வந்தது. அந்த வேலையைக் கணினியே செய்யட்டும் என்று 1952-ல் ஏ-0 கம்பைலரை உருவாக்கினார். 1992-ல் மறைந்தார்.

சரியாகச் செய்தால் மட்டும் போதாது. அடுத்தவர் நம்பும்படி சரியாக எழுதியும் வைக்கணும். அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதுறவங்களே, உஷார்!