பட்டாணித் தோட்டத்துத் துறவி

சிறு வகுப்பில் படித்தபோது, கண்ணாடிக் குவளையில் மையொற்றுத் தாளைச் சுருட்டி வைத்து, நனைத்து, அவரை விதை முளைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேர் கீழே போகும். தண்டு மேலே வரும். படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுவோம். ஏறத்தாழ இத்தகைய எளிய பொருள்களைக் கொண்டே மரபியலுக்கு அடித்தளமிட்டவர் கிரகோர் மெண்டல் அடிகளார்.

1822-ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் விவசாயியின் மகனாகப் பிறந்தார். இன்று அவ்வூர் செக் குடியரசில் இருக்கிறது. 1838-இல் மரம் விழுந்து தந்தை படுகாயமுற்றார். வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. படிப்பு பாதியில் நிற்க இருந்த வேளையில், தங்கை தெரேசியாள் தனக்கென வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்குக் கொடுத்தாள். சீதனம் குறைந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு என்னாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மெண்டல் 1843-இல் பிரூன் நகரில் அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்து, 1847-இல் குருப்பட்டம் பெற்றார். 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தோற்றார். 1856-இல் மறுபடியும் முயன்றும் தேறவில்லை. (தேர்வு என்றாலே நடுங்கும் நமக்கு இது கொஞ்சம் ஆறுதல்தான்!) ஆயினும் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக நன்றாகவே பாடம் நடத்தினார்.

அதே 1856-இல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகவே மொட்டு விரியுமுன் அதைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தத்தாள்களை அகற்றிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தூவினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இப்படிக் கலந்தபோது, கிடைத்தவை எல்லாம் உருண்டை விதைகளே. சுருக்கம் எங்கே போயிற்று? அவ்விதைகளை ஊன்றி வளர்த்து, அடுத்த தலைமுறை விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்த குணம் அழியவில்லை, உள்ளே ஒளிந்திருந்தது. 1863 வரை சுமார் 28,000 செடிகளை வளர்த்தார். எண்ணிப் பார்க்கும் அந்தப் பொறுமைதான் நமக்கு வியப்பூட்டுகிறது.

1865-இல் தம் முடிவுகளை பிரூன் அறிஞர் கழகத்தில் இரு கூட்டங்களில் வாசித்தார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. செடியியலில் கணக்கு எதற்கு என்று எண்ணினார்களோ என்னவோ, அதன் சிறப்பை எவரும் உணரவில்லை. 1868-இல் மடத்துத் தலைவரானார். பின்னர் மடத்தின் மீதான வரியை எதிர்த்து அரசோடு போராடுவதிலேயே காலம் கழிந்தது. 1884 ஜனவரி 6-ஆம் நாள் இறந்தார். 1900-இல்தான் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அதே முடிவுகளைத் தாமும் கண்டு, அவருடைய பழைய கட்டுரையை வெளிக்கொணர்ந்தனர்.

அப்புகழைக் காண அவர் இல்லை. ஆனால் தங்கையின் சீதனத்தை அவர் மறக்கவில்லை. தெரேசியாளின் மூன்று மகன்களையும் படிக்க வைத்தார். அவர்களில் இருவர் மருத்துவரானார்கள்.