சங்கிலி பிடித்த லாம்ப்டன்

சிவில் படிக்கும் நமக்குச் செயினும் ஆஃப்செட்டும் புதுசு இல்லை. ரோட்டோரப் புளியமரத்தை ஷீட்டில் குறிக்க, செயின் லைனில் அந்த மரத்துக்கு மிகக் கிட்டத்தில் உள்ள புள்ளியைத் தேடுகிறோம். அதாவது செங்குத்தின் அடி. இந்த வேலையைத் தேச அளவில் ஆரம்பித்து வைத்தவர் வில்லியம் லாம்ப்டன்.

யார்க்‌ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போய், 1781-ல் யார்க்டவுனில் கைதியானார். 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் இருந்தார். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். நூறு அடி உருக்குச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை மாற்றி மாற்றி வைத்தார்கள். நாம் பத்து செயினுக்கே டீக்கடை தேடுகிறோம்!

அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கன்னியாகுமரி வரை வந்தார். குன்று இல்லாத சமவெளியில் கோயில் கோபுரம்தான் ஸ்டேஷன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை மேலே தூக்கும்போது கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதி வட்டத் தகடு நெளிந்துவிட்டது. வேறு ஆளாயிருந்தால் ஊருக்குக் கிளம்பியிருப்பார். இவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம் தட்டித் தட்டி வட்டத்தை நேராக்கினார்.

அவருக்கு வேண்டியது தெற்கு வடக்காக, 78 பாகையை ஒட்டிய தீர்க்கரேகையின் நீளம். (நம்ம மதுரை 78-க்குச் சற்றே கிழக்கே.) முக்கோணப் பக்கங்களோ கோணல்மாணலாக ஓடும். ஒவ்வொன்றையும் கொசைனால் பெருக்கி ரேகைமேல் இறக்கினார்கள். வெக்டர் அப்போது பிறக்கவில்லை. இன்று நாம் டாட் புராடக்ட் என்பது அதே வேலைதான். கோடு (0,0)-லிருந்து (4,3)-க்குப் போகிறது, மரம் (5,0)-ல். பெருக்கிக் கூட்டினால் 20. கோட்டின் வர்க்கம் 25. 20-ஐ 25-ஆல் வகுத்தால் 0.8. கோட்டில் அவ்வளவு தூரம் நடந்தால் கிட்டப் புள்ளி (3.2, 2.4). ஆஃப்செட் சரியாக 3.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். ஆனால் கிணற்றிலிருந்து வாய்க்காலுக்கு எங்கே வெட்டினால் தூரம் குறையும்னு கண்ணாலேயே சொல்லிடுவார். அது செங்குத்து என்று நான் காலேஜுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். ஆறே மாதத்தில் இந்த அளவை. கம்பெனிக்கு வரியும் படையும்தான் குறி. லாம்ப்டனை மெச்சுகிறேன், கம்பெனியை அல்ல. சங்கிலி தூக்கிய நம்மாட்களின் பெயர் எங்க பாடப்புத்தகத்தில் இல்லை, அவர்களையும் சேர்த்தே மெச்சுகிறேன்.

1823 ஜனவரியில், வேலைக்கு நடுவிலேயே, வார்தா பக்கம் ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். அவர் விட்ட முக்கோணத்திலிருந்து எவரெஸ்ட் மேற்கொண்டு வடக்கே போனார்.