படிப்பை விட்ட சிறுவன் பசி தீர்த்த கதை

மதுரைக்குத் தெற்கே உள்ள ஊர் விருதுநகர். வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் காமராஜர்.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். படிப்பு பாதியில் நின்றது. சிறுவன் மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றான்.

வாலிப வயதில் காமராஜர் சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார். சுமார் 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. கலியாணம் செய்துகொள்ளவில்லை.

பதவி ஏற்பு

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாகப் பதவி ஏற்றார். மந்திரிகளின் பட்டியல் வெளிவந்தது. மக்கள் வியந்தார்கள். கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே அவர் மந்திரி ஆக்கியிருந்தார்!

இன்னொரு மந்திரி பரமேஸ்வரன். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவரிடம் இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார். அந்தக் குலத்தாருக்கு மதுரை மீனாட்சி கோவில் கதவு திறந்ததே 1939 ஜூலை 8-ந் தேதிதான். 15 ஆண்டுகளுக்குள் அவர்களில் ஒருவர் கோவில்களைக் கவனிக்கும் மந்திரி ஆகிவிட்டார்.

சோறும் தண்ணீரும்

ஏழைப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வருவதில்லை? பசிதான் காரணம். படிப்பை இழந்த காமராஜருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1956-ல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சர்க்கார் பணம் கொடுத்தது. ஊர் மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள்.

1959 ஜனவரி 21-ந் தேதி ஆண்டிபட்டி அருகே வைகை அணையைத் திறந்து வைத்தார். மதுரைச் சீமையின் வயல்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் இந்த அணையிலிருந்துதான் தண்ணீர் விடுகிறார்கள்.

பதவி துறந்தார்

மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்கு வர வேண்டும் என்று காமராஜர் யோசனை சொன்னார். ஊருக்குச் சொன்னதைத் தாமே செய்தார். 1963 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், முதல்-மந்திரி பதவியை விட்டு விலகினார்.

பிறகு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். நேருவுக்குப் பின் இரண்டு பிரதமர்கள் வரக் காரணமாக இருந்தார். ஆனாலும் 1967 தேர்தலில் பிறந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார்.

1975-ல், அதே அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் காலமானார். அப்போது சென்னையில் அவர் குடியிருந்தது வாடகை வீடு. மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு 1978-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022 செப்டம்பர் 15-ந் தேதி பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. அது தொடங்கிய இடம் மதுரையில் உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளி.