ஊருக்கு நீர் வேண்டிய வள்ளல்

தஞ்சோங் பகாரை அடுத்துள்ள ஆன் சியாங் குன்று இன்று கடைவீடுகளும் உணவகங்களும் நிறைந்த இடம். 19ஆம் நூற்றாண்டிலோ, அங்கிருந்த கிணற்று நீரே சுற்றுவட்டார மக்களின் உயிர்நாடியாக இருந்தது. மாட்டுவண்டிகள் அந்நீரைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்றன. அருகிலுள்ள கிரேத்தா ஆயர் வட்டாரத்தின் பெயருக்கு மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்பது பொருள். ஊர் நீருக்குத் தவித்த அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் டான் கிம் செங்.

அவர் 1805இல் மலாக்காவில் பிறந்தார். சிங்கப்பூருக்கு வந்து வணிகத்தில் சிறந்து விளங்கினார். 1850இல் சமாதான நீதிபதியாக நியமிக்கப்பட்டார். தாம் ஈட்டிய செல்வத்தைத் தம் குடும்பத்திற்கு மட்டும் உரியதாக அவர் கருதவில்லை. 1854இல், ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிப்பதற்காக அமோய் ஸ்திரீட்டில் சூய் எங் பள்ளியை நிறுவினார்.

அப்போது சிங்கப்பூரின் மக்கள்தொகை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. 1824இல் ஏறத்தாழ 11,000 ஆக இருந்த அது, 1860இல் 80,000ஐத் தாண்டியது. கிணறுகள் போதவில்லை. மழை பொய்த்தால் அவை வற்றின. கழிவு கலந்த கிணறுகள் நோயைப் பரப்பின. தீப்பிடித்தால் அணைக்கவும் நீர் இல்லை. இந்நிலையை மாற்ற விரும்பிய கிம் செங், புக்கிட் தீமாவிலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவர 1857இல் 13,000 வெள்ளியை அரசாங்கத்திடம் வழங்கினார். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

ஆனால், அவரது எண்ணம் உடனே நிறைவேறவில்லை. பொறியியல் தவறுகளால் அத்தொகை வீணாயிற்று. 1864இல் கிம் செங் மலாக்காவில் காலமானார். தஞ்சோங் பகாரில் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். துறைமுகம் வளர வளர, நகரின் தாகமும் வளர்ந்தது.

பின்னர், தாம்சன் சாலைக்கு அருகே நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்பட்டது. அதன் பணி 1868இல் முடிந்தும், நீரை நகருக்கு அனுப்பும் பம்புகளும் குழாய்களும் ஆயத்தமாக இல்லை. எனவே, மக்கள் மேலும் ஏறத்தாழ 10 ஆண்டுகள் காத்திருந்தனர். அந்த நீர்த்தேக்கமே இன்றைய மெக்ரிட்சி நீர்த்தேக்கம்.

நீரைத் தேக்கினால் மட்டும் போதாது. அது வந்து சேரும் நிலத்தையும் காக்க வேண்டும். காம்பீர் பயிரிடவும், அதன் இலைகளைக் காய்ச்ச விறகு வெட்டவும் தீவின் காடுகள் பெருமளவு அழிக்கப்பட்டிருந்தன. 1880களில் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேன்ட்லி எஞ்சிய காடுகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன்பின் காப்புக் காடுகள் ஒதுக்கப்பட்டன. மெக்ரிட்சியைச் சூழ்ந்த காடு இன்றும் மழைநீரைப் பிடித்துத் தருகிறது. தீவின் நீர் போதாதபோது திட்டம் எல்லை தாண்டி விரிந்தது. ஜொகூரிலிருந்து குழாய்வழி நீர் வந்தது. இன்று சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக உள்ளது. 17 நீர்த்தேக்கங்கள் அந்நீரைச் சேமிக்கின்றன.

கிம் செங்கின் கொடையை நினைவுகூர்ந்து நகராட்சி 1882இல் நீரூற்று ஒன்றை அமைத்தது. 1925இல் எஸ்பிளனேட் பூங்காவிற்கு மாற்றப்பட்ட அது, இன்றும் அங்கே நிற்கிறது. தம் பணத்தால் ஒரு குழாயில்கூட நீர் வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆயினும், ஊரின் நீர்த்தேவையைத் தம் கடமையாக எண்ணிய அவரது உள்ளத்தை அந்த நீரூற்று நினைவூட்டுகிறது. நல்ல மனமும் பணமும் இருந்தாலும், காடு, அணை, குழாய், நகரம் ஆகிய அனைத்தையும் ஒருசேரச் சிந்தித்துத் திட்டமிட்டால்தான் நீர் வீட்டுவாசலை எட்டும் என்பதையும் அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.