காற்று டயரைத் தந்த கால்நடை டாக்டர்: அலாய் வீல் மாற்றும் முன் டன்லப் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

கார் வாங்கியதும் பலர் முதலில் கை வைப்பது வீலில்தான். கம்பெனி கொடுத்த 15 இன்ச் ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு, 16 அல்லது 17 இன்ச் அலாய் வீல் போட்டால் காரின் லுக்கே மாறிவிடும். ஆனால், அதற்கு எந்த சைஸ் டயர் போடணும்? இந்தக் கேள்விக்கான பதில் 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்த சின்ன சோதனையில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்தவர் இன்ஜினியர் இல்லை, மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர். அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

யார் இந்த டன்லப்?

1840 பிப்ரவரி 5-ம் தேதி ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டன்லப். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே டாக்டரானார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு பெல்ஃபாஸ்டில் மருத்துவமனை நடத்தினார். 1880-களின் நடுவில் அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக அது வளர்ந்திருந்தது. கை நிறைய வேலை, நல்ல வருமானம், மனைவி, ஒரு மகன், ஒரு மகள். எதையாவது கண்டுபிடித்துத்தான் பிழைக்கணும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

மகனின் மூன்று சக்கர சைக்கிள்

பிரச்னை வந்தது மகன் ஜானி வழியாக. அப்போது சைக்கிள் சக்கரங்களில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். உள்ளே காற்று கிடையாது. பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கல் பதித்த தெருக்கள். சிறுவன் மூன்று சக்கர சைக்கிளை மிதித்தால், உடம்பே ஆட்டம் கண்டுவிடும்.

1887 அக்டோபரில் டன்லப் ஒரு வேலை செய்தார். வட்டமாக வெட்டிய மரப்பலகை ஒன்றை எடுத்தார். ரப்பர் ஷீட்டை ஒட்டி ஒரு டியூப் செய்து, அதைப் பலகையின் விளிம்பில் சுற்றி வைத்தார். மேலே துணியைச் சுற்றி ஆணி அடித்தார். ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் காற்று நிரப்பினார்.

பிறகு சைக்கிளின் கெட்டி ரப்பர் சக்கரத்தையும், இந்தக் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர் சக்கரம் பாதியிலேயே தள்ளாடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் கடைசி வரை ஓடி, கேட் தூணில் மோதி எகிறியது. காற்று வேலை செய்கிறது என்பது அந்த முற்றத்திலேயே தெரிந்துவிட்டது.

வேலை செய்தது எப்படி? சக்கரம் ஒரு கல் மேல் ஏறும்போது, கெட்டி ரப்பரில் மொத்தச் சக்கரமும் தூக்கிப் போடப்படும். காற்று டயரில் அந்த இடம் மட்டும் அமுங்கி, கல்லை விழுங்கிவிட்டு மறுபடி விரியும். அதிர்வும் குறையும், வேகமும் வீணாகாது.

1888 டிசம்பர் 7-ம் தேதி டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது.

கேலியை வாயடைத்த ரேஸ்

பருமனான டயரைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள்தான் அதிகம். இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய சைக்கிள் ஃபிரேம்கள் மெல்லிய கெட்டி ரப்பருக்காகச் செய்யப்பட்டவை. காற்று டயர் அதற்குள் அடங்காது. அதனால் பெல்ஃபாஸ்டில் இதற்கென்றே அகலமான சைக்கிள்கள் தயாரிக்கப்பட்டன. டயரை மாற்றினால் வண்டியையும் பார்க்கணும் என்ற பாடம் அன்றைக்கே வந்துவிட்டது.

அப்படி ஒரு சைக்கிளை வாங்கியவர் பெல்ஃபாஸ்ட் சைக்கிள் வீரர் வில்லி ஹ்யூம். 1889 மே 18-ம் தேதி பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்ட நான்கு ரேஸ்களிலும் அவரே ஜெயித்தார். தோற்றவர்களில் டப்ளின் தொழிலதிபர் ஹார்வி டு க்ரோவின் மகன்களும் உண்டு. மகன்களைத் தோற்கடித்த டயரை டு க்ரோ விடவில்லை. அந்த வருடமே டப்ளினில் கம்பெனி தொடங்கினார். டன்லப் தன் காப்புரிமையைக் கொடுத்து, பதிலுக்குப் பங்குகளைப் பெற்றார்.

காப்புரிமை போச்சு!

அடுத்து வந்தது பேரிடி. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று ஆனது. காரணம், அவருக்கு 40 வருடங்களுக்கு முன்பே, 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். குதிரை வண்டிகளில் அதைப் போட்டு ஓட்டியும் காட்டினார். ஆனால் அப்போது சைக்கிள் மோகம் இல்லை, கார் இல்லை. அந்தக் கண்டுபிடிப்பு மறந்தே போனது. தாம்சன் 1873-ல் இறந்துவிட்டார். டன்லப்புக்கு இவரைப் பற்றித் தெரியவே தெரியாது.

கம்பெனியைக் காப்பாற்றியது எது?

டன்லப்பின் முதல் டயரில் ஒரு குறை இருந்தது. டயரை ரிம்மோடு சேர்த்துத் துணி சுற்றி ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால், எல்லாவற்றையும் பிரித்து எடுக்கணும். 1890-ல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் இதற்கு வழி கண்டுபிடித்தார். டயரின் இரண்டு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம். டயர் ஓரத்தின் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் இறக்கினால், மறுபக்கம் ரிம்முக்கு மேலே ஏறி வந்துவிடும். காற்றடித்ததும் கம்பி வளையம் ரிம்மில் கச்சிதமாக உட்காரும். அதே வருடம் வில்லியம் பார்ட்லெட் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். இரண்டு காப்புரிமைகளையும் கம்பெனி வாங்கிப்போட்டது. அதுதான் அதைக் காப்பாற்றியது.

இன்று பஞ்சர் கடையில் கார் டயரைக் கழற்றும்போது நடப்பதும் அடிப்படையில் வெல்ச் சொன்ன வழிதான்.

கோடிகள் கைமாறியபோது...

1895-ல் பாரிஸ்-போர்டோ-பாரிஸ் ரேஸில் மிஷெலின் சகோதரர்கள் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். சைக்கிள் டயர் காருக்கு மாறிய காலம் அது. 1896-ல் டு க்ரோவின் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் உடனே அதை 50 லட்சம் பவுண்டு கம்பெனியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆனால் டன்லப் அதற்கு முன்பே விலகிவிட்டார். டப்ளினில் ஒரு துணி வியாபார நிறுவனத்தைக் கவனித்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். 1921 அக்டோபர் 23-ம் தேதி, 81 வயதில் காலமானார். பெரும் பணம் மற்றவர்களுக்குப் போனது. பெயர் மட்டும் டயரில் நின்றது. அந்தப் பெயரில் சென்னை அம்பத்தூரிலும் ஒரு தொழிற்சாலை வந்தது.

சரி, இதுக்கும் என் அலாய் வீலுக்கும் என்ன சம்பந்தம்?

டன்லப் தந்தது ரப்பர் இல்லை, காற்று. காரின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். ரிம் பெரிதாகப் பெரிதாக, டயரின் பக்கச் சுவர் மெலிந்து, காற்றுக்கான இடம் குறைகிறது. அதாவது, கொஞ்சம் கொஞ்சமாக டன்லப்புக்கு முந்தைய காலத்துக்குப் போகிறோம். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளைவது இதனால்தான்.

டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம் விட்டம், இன்ச்சில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும்.

ரிம் மாறினாலும் டயரின் மொத்த உயரம் மாறக்கூடாது. இதுதான் முக்கியமான விதி. மேலே சொன்ன டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. 16 இன்ச் ரிம்முக்கு 195/55 ஆர்16 போட்டால், அதுவும் சுமார் 621 மி.மீ. வரும். கச்சிதம். அதுவே 205/65 ஆர்16 போட்டால் சுமார் 673 மி.மீ. ஆகிவிடும். அப்போது ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால், கார் உண்மையில் 108-ல் போகும். டயர் ஃபெண்டரில் உரசவும் வாய்ப்பு உண்டு.

கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை:

* டயரின் ரிம் விட்டமும் வீலின் விட்டமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கணும். அரை இன்ச் வித்தியாசம்கூட ஆபத்து. காற்றடிக்கும்போதே டயர் வெடிக்கலாம்.
* ரிம் அகலமும் பொருந்தணும். 195/55 டயருக்கு 5.5 முதல் 7 இன்ச் வரை சரி.
* எடை தாங்கும் எண் கம்பெனி டயரைவிடக் குறையக்கூடாது.
* போல்ட் ஓட்டைகளின் அளவு, நடு ஓட்டை, ஆஃப்செட் மூன்றும் உங்கள் காருக்குரியதா என்று கேளுங்கள்.
* உங்கள் காரின் டாப் மாடலில் கம்பெனியே பெரிய வீல் கொடுத்தால், அந்த சைஸைத் தேர்வு செய்வது பாதுகாப்பானது.
* டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றின் அளவு இருக்கும். சைஸ் மாற்றினால் புது டயருக்கு எவ்வளவு காற்று என்று கேட்டு வாங்குங்கள்.

லுக்குக்காக வீல் மாற்றுவதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு சிறுவனின் உடம்பு குலுங்கக்கூடாது என்றுதான் இந்தக் காற்று டயரே வந்தது. பின் சீட்டில் உட்காரும் உங்கள் பிள்ளைக்கும் அது வேணும்.